காலியான ஒரே இடம்

முதலாண்டு முடிந்ததும் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற அறுபது பேர் முட்டி மோதினார்கள். காலியானதோ ஒரே இடம். அது அவளுக்குக் கிடைத்தது.

துள்ளிக்கொண்டு விடுதி அறைக்கு வந்தால், தோழி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"கணக்குல முப்பத்தொன்பதுடி. நாற்பது எடுத்திருந்தா பாஸ். பிரிவை விட்டே தூக்கிட்டாங்க. என் இடம்தான் உனக்கு வந்திருக்கு."

அவள் நேரே அதே கல்லூரியில் பேராசிரியராக இருக்கும் அப்பாவின் அறைக்கு ஓடினாள்.

"ஒரு மார்க் போட மனசு வரலையா? த்தூ! அந்தப் பேப்பரைத் திருத்தினவன் எல்லாம் ஒரு மனுஷனாப்பா?"

அப்பா எழுந்து கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசும்மா. ஐம்பத்திரண்டை முப்பத்தொன்பதாக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எல்லாம் யாருக்காக?"