அனுப்புநரின் கெட்ட பெயர்

சனிக்கிழமை தேடுதலுக்குப் பதினோரு பேர்தான் வந்தோம்.

அறுநூற்று நாற்பது பேருக்கு மின்னஞ்சல் போயிருந்தது.

பின்லாந்தில், குவோப்பியோ நகருக்கு வடக்கே, ஏரியோரக் காட்டில் மறதி நோயுள்ள அர்மாஸ் என்ற முதியவர் வழி தவறிவிட்டார். பனியில் இருட்டும்வரை நடந்தும் காட்டில் கால்பங்கைக்கூட எங்களால் பார்த்து முடிக்க முடியவில்லை.

திங்களன்று அவர் உடல் கிடைத்தது. நாங்கள் போகாத பக்கத்தில், சாலையிலிருந்து முந்நூறு மீட்டரில்.

காணாமல் போனவர்களின் குடும்பச் சங்கத்துக்கு மின்னஞ்சல் வேலை பார்ப்பவள் நான். செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து தோண்டினேன். நாங்கள் அனுப்பிய அழைப்புகள் ஏறக்குறைய எல்லாமே குப்பைப் பெட்டியில் விழுந்திருந்தன.

மின்னஞ்சல் நிறுவனங்கள் ஒவ்வொரு அனுப்புநருக்கும் நடத்தைக்கு மதிப்பெண் போட்டு வைத்திருக்கும். எங்களுடையது அதலபாதாளத்தில் கிடந்தது. வாராவாரம் பார்க்க வேண்டியது. இலையுதிர் காலத்திலிருந்து நான் பார்க்கவே இல்லை.

அனுப்பிய பதிவுகளைப் புரட்டியதில் ஒரு முகவரி சிக்கியது. யாரோ கைவிட்ட பெட்டி. நிறுவனம் அதை ஓராண்டுக்கு மேல் மூடி வைத்துவிட்டு, பிறகு பொறியாகத் திறந்து வைத்திருந்தது. எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும். அனுப்பியவன் பெயரைக் கெட்டவர்கள் பட்டியலில் குறித்துக்கொள்ளும்.

எங்கள் கணக்கிலிருந்து அதற்குத் தினமும் ஒரு கடிதம் போயிருந்தது.

முகவரியைத் தாளில் எழுதிக்கொண்டு செயலாளர் வெய்க்கோவிடம் போனேன். சங்கத்தைத் தொடங்கியவரே அவர்தான். எனக்குக் காபி ஊற்றி வைத்தார்.

"இதை எடுத்தாகணும், வெய்க்கோ. தினம் தினம் இதுக்கு யாரு எழுதுறது?"

தாளை வாங்கிப் படித்தார்.

"நான்தான். ரிக்காவோட முகவரி."

ரிக்கா அவர் மகள். ஆறு வருடத்துக்கு முன்பு காலையில் வேலைக்குக் கிளம்பியவள். வேலைக்குப் போய்ச் சேரவில்லை.

"பதினாலு மாசம் எழுதினதெல்லாம் திரும்பி வந்துச்சு, தைனா. செப்டம்பர்ல ஒருநாள் திரும்பி வரல. மறுநாளும் வரல. அவதான் பெட்டியத் திறந்துட்டான்னு நினைச்சேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாருகிட்டயும் மூச்சு விடல. ஆளாளுக்கு எழுதி, அவ பயந்துபோய் மறுபடி மூடிட்டான்னா?"

பொறியைப் பற்றிச் சொன்னேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப அங்க ஆளே இல்லையா?"

"இல்ல."

"அர்மாஸுக்கு ஆளு வராததும் இதனாலதானா?"

பார்க்காமல் விட்டது நான் என்றேன். அது அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. கணினியை என் பக்கம் திருப்பினார்.

"நீயே எடுத்துடு."

எடுத்தேன்.

மார்ச்சுக்குள் மதிப்பெண் ஏறிவிட்டது. அடுத்த தேடுதலுக்கு இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். ஒரு பெண்ணை உயிரோடு மீட்டோம். வெய்க்கோ வரவில்லை.

ஏப்ரலில் நீதிமன்றத்திலிருந்து எனக்குத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. ரிக்காவை இறந்தவராக அறிவிக்கும்படி அவள் தந்தை மனுச் செய்திருந்தார். இத்தனை வருடமும் செய்ய மறுத்த மனு.

'அவர் உயிருடன் இல்லை என்பதை அறிந்தவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தார்.