மெஷின் அத்தை

“அம்மா, மெஷின் அத்தைக்கு இன்னிக்கு ஜலதோஷம். பாவம்மா.”

பல் டாக்டரான அம்மாவுக்கு ஒரு வாரமாகக் கழுத்து வலி. அதைப் பற்றி மகள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மகள் படிப்பது இரண்டாம் வகுப்பு. பள்ளி வராந்தாவில், முன்பக்கம் கண்ணாடி போட்ட ஒரு மெஷின் உண்டு. காசு போட்டுப் பட்டனை அமுக்கினால் பிஸ்கட்டோ சாக்லேட்டோ வந்து விழும். சாயங்காலம் பள்ளி விடும் நேரத்துக்கு வந்து அதில் சரக்கு நிரப்பிவிட்டுப் போகிற பெண்தான் மெஷின் அத்தை.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்த கணவனிடம் டாக்டர் கேட்டாள்.

“உங்களுக்கு எப்பங்க தங்கச்சி பொறந்தா?”

“எனக்கா? நான் ஒத்தைப் பிள்ளைன்னு உனக்குத் தெரியாதா?”

“அப்புறம் இவளுக்கு மட்டும் அத்தை எங்கேருந்து முளைச்சா?”

விஷயம் புரிந்து அவன் சிரித்தான். “குழந்தை ஒருத்தியை அத்தைன்னு கூப்பிட்டா உனக்கென்ன? அந்த மெஷின்ல சாக்லேட் வாங்கித் தின்னாத்தானே நீ கவலைப்படணும்?”

தின்றிருந்தால்கூடப் பரவாயில்லையே. சந்தேகப்பட்டு டார்ச் அடித்து மகளின் வாயைப் பார்த்தாயிற்று. கடைவாயில் ஒரு துணுக்குச் சாக்லேட் கிடையாது. பையைக் கவிழ்த்ததில் ஒரு சாக்லேட் காகிதம்கூட விழவில்லை. அப்படியென்றால் அவள் அங்கே போய் நிற்பது தின்பண்டத்துக்காக இல்லை, அந்தப் பெண்ணுக்காக. டாக்டருக்கு அதுதான் தாங்கவில்லை.

தினமும் இதே கதைதான். கிளினிக்கைப் பூட்டப் போகிற நேரம் பார்த்து யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அவர்களைக் கவனித்துவிட்டு அரக்கப் பரக்க ஓடி வருவாள். கேட்டுக்குள் நுழைந்து, ஆபீஸ் ரூமைச் சுற்றிக்கொண்டு வந்தால்தான் வராந்தா. அங்கே மகள் முதுகைக் காட்டிக்கொண்டு, மெஷினையே பார்த்தபடி நிற்பாள். பக்கத்தில் அந்தப் பெண் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

அம்மா வாயைத் திறந்து கூப்பிடுவதற்கு முன்னாலேயே மகளின் தோளில் பை ஏறியிருக்கும். காலடிச் சத்தம் கேட்டு அந்தப் பெண்தான் முடுக்கிவிட்டிருப்பாள், நல்ல பேர் வாங்கிக்கொள்ள.

ஒரு நாள் அந்தப் பெண்ணே பேச்சுக் கொடுத்தாள்.

“உங்க பொண்ணு ரொம்ப சமத்துங்க டாக்டர். எப்பப் பாரு உங்களைப் பத்தித்தான் பேச்சு.”

“ம்” என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் நடந்தாள். என்ன நடிப்பு. பெற்றவளுக்கு முதுகு, இவளுக்கு முகம். இதில் சமாதானம் வேறு சொல்கிறாள்.

ஜலதோஷச் செய்தி வந்த மறுநாள் காலை, தலைமையாசிரியை அறைக்கே போய்விட்டாள்.

“அந்த மெஷின் நமக்குத் தேவையா மேடம்? குழந்தைங்க பல்லு என்னாகறது?”

“உங்க பொண்ணு அதுல எதுவுமே வாங்கறதில்லையே டாக்டர்.”

“என் பொண்ணை விடுங்க. மத்த குழந்தைங்களுக்காகத்தான் சொல்றேன்.”

சொல்லும்போதே நாக்கு கொஞ்சம் தடுக்கியது. சமாளித்துக்கொண்டாள்.

“அந்த மெஷின் வேற கோணலா நிக்குது. யாராவது ஓடி வந்து இடிச்சுக்கிட்டா? அந்தம்மாவும் வந்தோமா, சரக்கைப் போட்டோமா, போனோமான்னு இல்ல. குழந்தைங்களோட என்ன அரட்டை வேண்டிக்கிடக்கு?”

தலைமையாசிரியை வெளியே எட்டிப் பார்த்தார். மெஷின் ஒரு பக்கம் சுவரை விட்டு விலகி, துருத்திக்கொண்டுதான் நின்றது.

“அட, ஆமாம். நான் இதைக் கவனிக்கவே இல்லையே. அடியில சக்கரம் இருக்குல்ல, யாரோ நகர்த்தியிருக்காங்க. இன்னிக்கே நேரா வெக்கச் சொல்லிடறேன். அந்தம்மாவையும் இனிமே காலையில வந்துட்டுப் போகச் சொல்றேன். போதுமா?”

போதும். டாக்டருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கழுத்து வலிகூடக் கொஞ்சம் விட்ட மாதிரி இருந்தது.

அன்றைக்கும் கடைசி நேரத்தில் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். எல்லாம் முடித்து, மூச்சிரைக்கப் பள்ளிக்கு வந்தாள்.

கேட்டருகே வாட்ச்மேன் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

“எத்தனை தடவை சொல்றது பாப்பா? கேட்டுக்கிட்ட நிக்கக் கூடாது. வராந்தாவுல போய் இரு.”

பார்த்தால், அவள் மகள்தான். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்து நின்றாள். இன்றைக்கு முதுகு இல்லை, முகம். டாக்டர் ஜெயித்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் ரெண்டு எட்டு வைத்த பிறகுதான் அந்த முகம் அழுது வீங்கியிருப்பது தெரிந்தது.

“என்னடா கண்ணு? உன் அத்தை வரலைன்னு அழறியா?”

கேட்கும்போதே குரலில் ஒரு குத்தல்.

மகள் இல்லையென்று தலையாட்டினாள். ஓடி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“வராந்தாவுலேருந்து பாத்தா கேட்டே தெரியாதும்மா. ஒரு நாள் நீ வரவே மாட்டியோன்னு அழுதேனா, அத்தைதான் மெஷினைத் தள்ளித் திருப்பி வெச்சாங்க. அதுக்கப்புறம் நீ கேட்டுக்குள்ள வர்றது அந்தக் கண்ணாடியில தெரியும். தினம் அதையேதான் பாத்துக்கிட்டு நிப்பேன்.”

விசும்பல் அடங்கவில்லை.

“இன்னிக்கு யாரோ அதை நேரா வெச்சுட்டாங்கம்மா.”