பொட்டு வைத்த பெட்டி

சிவகாசியில் சீனிச்சாமி அண்ணாச்சியின் காலண்டர் அச்சகத்துக் கம்ப்யூட்டர்களை வேல்விழிதான் பார்த்துக்கொள்கிறாள். கரண்ட் போய் வந்தால் அவை தாமாகவே எழுந்து, அப்டேட் போட்டு, பழுது இருந்தால் சரிசெய்து, பாதியில் நின்ற வேலையைத் திறந்து வைத்துவிடும். அந்தப் புரோகிராமை அவளே எழுதினாள். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு, இருக்க வேண்டியதுதானே.

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் அணைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மறுநாள் காலை வரை எதையும் தொடக் கூடாது. படிக்கட்டுக்கு அடியில் குடிதண்ணீர்க் குடத்தைத் தாங்கிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்கும் யாரோ பொட்டு வைத்துவிட்டார்கள். இடி விழுந்து கருகிய பெட்டி அது. உள்ளே இருந்ததையெல்லாம் வேல்விழியே கழற்றி எடுத்திருந்தாள்.

மறுநாள் வெளியூர் ஏஜென்டுகள் பார்த்திருக்க, அண்ணாச்சி மெயின் சுவிட்சைப் போட்டார். திரைகள் வரிசையாக விழித்தன. "எம்புட்டு அழகா எந்திரிக்குது பாருங்க!" என்று பூரித்துப்போனார். பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். பழைய பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, அதுக்கு வயரே கெடையாதுல்ல?"

வேல்விழி குனிந்து பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்தாள். ஒரு சிலந்திவலை மட்டும் இருந்தது.

"உள்ளயும் ஒண்ணுமில்ல, அண்ணாச்சி."

மூடியை மெதுவாகச் சாத்தினாள். பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்புத்தான் வந்தது.

"நான்தான் சொன்னேன்ல, நம்ம புரோகிராம் ஒண்ணையும் எழுப்பாம விட்டுவைக்காதுன்னு" என்றாள், ஏஜென்டுகளுக்கும் கேட்கும்படி.

பெட்டிக்குள் விசிறி ஓடினால் அதிர்வதுபோல, மேலே குடத்துத் தண்ணீர் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.