நைனா ஓட்டிய கார்

"பத்திரிகைய எடுத்துக்கினு போயிடு. அந்தத் தட்டு என் வூட்டு வாசப்படிய தாண்டக்கூடாது!"

பாரி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் இரண்டு திறந்துகொண்டன. திருவொற்றியூரில் அந்தத் தெருவுக்கு வேடிக்கை பார்ப்பதென்றால் கசக்குமா?

வெற்றிலை பாக்குத் தட்டோடு வாசலில் நின்றவர் பக்தவச்சலம், பாரியின் கூடப் பிறந்த அண்ணன். அவருடைய மகளுக்குக் கல்யாணம். தனியாக வரத் தைரியம் இல்லாமல், இருவருக்கும் இடையில் பிறந்த பூவம்மாவைத் துணைக்கு அழைத்து வந்திருந்தார்.

"சித்தப்பா வராம மணையில குந்தமாட்டேன்னு சொல்றா எம்பொண்ணு," என்றார் பக்தவச்சலம். "என் மேல கோவம் இருந்தா இருக்கட்டும். புள்ள இன்னாடா பண்ணுச்சு உன்ன?"

"புள்ள ஒண்ணும் பண்ணல. நீதான் பண்ண. பெத்த நைனாவ கொன்ன."

"அய்ய, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இன்னா பேச்சுடா இது?" என்றாள் பூவம்மா.

"நீ சும்மா கெட யக்கா! அறுபத்தஞ்சுல காசிமேட்டுல நம்ம தெருவுல எவன் வூட்டு வாசல்ல காரு நின்னுச்சு? ஹார்பர்ல மூட்டை தூக்கற மனுசன், எவனோ தொரை கழிச்சு வுட்ட கறுப்பு மாரிஸ் வண்டிய கொணாந்து நிறுத்தினாரே. ராஜா வூட்டுப் புள்ளைங்க மாரி இருந்தோமா இல்லையா?"

எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் அந்தக் காரைப் பற்றிப் பேச்சு வந்தால் பாரியின் குரல் கொஞ்சம் இளகிவிடும். அப்போது அவனுக்கு ஐந்து வயது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நைனா எண்ணெய் தேய்த்துக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடிப்பார். பக்கத்தில் அம்மா. பின்சீட்டில் அவனும் அக்காவும். ரெக்சின் வாசனையும் கார் குலுங்கிய குலுக்கலும் இன்னும் அவன் உடம்பில் இருந்தன.

"எண்ணூரு போனோம். திருத்தணி மலை ஏறினோம். வளைவு வந்தா நைனா 'புடிச்சுக்கோடா'ன்னு கத்துவாரு, நானும் யக்காவும் ஒருத்தர் மேல ஒருத்தர் சாய்வோம். பாதி வழில நான் தூங்கியே பூடுவேன். ஒரு நாளாவது பஞ்சர் ஆயிருக்குமா? நடுவழில நின்னுருக்குமா? அப்பேர்ப்பட்ட வண்டிய, நைனா காய்ச்சல்ல படுத்த நேரம் பாத்து பழைய இரும்புக்காரனுக்குப் போட்டியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?"

"வூட்ல அரிசி இல்லடா," என்றார் பக்தவச்சலம், தரையைப் பார்த்தபடி.

"அரிசி! மறுநாளே நைனாவுக்கு மாரு வலிச்சுது. மீன் ஏத்தற கைவண்டில போட்டுத் தள்ளிக்கினு ஓடின. ஆஸ்பத்திரி வாசலைக்கூட பாக்காம வழிலயே போய்ச் சேந்தாரு. காரு இருந்திருந்தா பத்து நிமிசம். பொழைச்சிருப்பாரு!"

அந்த வருடமே குடும்பம் வியாசர்பாடிக்குக் குடிபோனது. பதினாறு வயது பக்தவச்சலம் ஹார்பரில் மூட்டை தூக்கித்தான் தம்பியை வளர்த்தார். அதையெல்லாம் பாரி நினைத்தும் பார்த்ததில்லை. வளர்ந்ததும் டிரைவரானான், சொந்தமாக ஒரு அம்பாசிடர் வாங்கினான். தெருவில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் சவாரியை உதறிவிட்டு ஓடுவான். ஒரு பைசா வாங்கமாட்டான். தெருவே அவனைக் கையெடுத்துக் கும்பிட்டது. அப்படிப்பட்டவனுக்கு அண்ணனை மட்டும் மன்னிக்க மனம் வரவில்லை.

"அரிசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பொறாமைல வித்த நீ! எங்க கூட ஒரு நாளாவது அந்தக் கார்ல ஏறியிருப்பியா? கூப்ட்டா வரமாட்ட. நாங்க ஜாலியா போய் எறங்கும்போது பாத்தா, மூச்சு வாங்கிக்கினு, மூஞ்சியெல்லாம் செவந்து போய் நிப்ப. அவ்ளோ வயித்தெரிச்சல்!"

"சரிடா, வயித்தெரிச்சல்னே வெச்சுக்கோ. கல்யாணத்துக்கு வந்துடு."

அந்தப் பணிவுதான் பாரிக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. "அப்பனைக் கொன்னவன் குடுக்கற பத்திரிகை எனக்கு எதுக்கு?" என்று தட்டை ஓங்கித் தட்டிவிட்டான். மஞ்சள் தடவிய பத்திரிகை வாசல் சாக்கடையில் போய் விழுந்தது.

பக்தவச்சலம் குனிந்து அதை எடுத்து வேட்டியில் துடைத்தார். அதைப் பார்த்ததும் பூவம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று படியேறி பாரியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"பூவம்மா, வோணாம்!" என்று பதறினார் பக்தவச்சலம். "சின்னவன்கிட்ட சொல்லமாட்டோம்னு நைனாவுக்கு வாக்கு குடுத்துகீறோம்."

"நைனாவுக்குக் குடுத்த வாக்கை நான் அவராண்ட போய் பேசிக்கறேன். இத்தினி வருசமா நீ வாங்கிக் கட்டிக்கினது போதும்!" என்று சீறினாள் பூவம்மா. பிறகு பாரியின் முகத்துக்கு நேராகத் திரும்பினாள்.

"காதத் தெறந்து கேட்டுக்கோடா. இஞ்சினே இல்லாத வெறும் கூண்டுடா அது, நாலு சக்கரமும் மண்ணுல பொதைஞ்சு கெடந்துச்சு. நைனா வாயால உறுமிக்கினு ஸ்டீயரிங்க திருப்புவாரு. நீ குலுங்கிக் குலுங்கிப் போனியே எண்ணூரு, அத்தினி தூரமும் பின்னாடி நின்னு, கை ஓயற வரைக்கும் அந்தக் கூண்ட ஆட்டிக்கினே இருந்தது இந்த அண்ணாத்ததான்!"