முந்நூற்று எண்பத்தாறு

"நிறுத்தும்மா! ஏய், நிறுத்துன்னு சொல்றேன்ல!"

வேலுசாமி கத்திக்கொண்டே குளக்கரையில் ஓடினார். கழுத்தில் தொங்கிய பைனாகுலர் நெஞ்சில் இடித்தது.

அந்தப் பெண்ணுக்குக் காது கேட்கவில்லையோ, கேட்காத மாதிரி இருந்தாளோ. மண்ணெண்ணெய் டின்னைக் கம்பால் விளாசிக்கொண்டிருந்தாள். நடுக் குளத்தில் கிடந்த வாத்துக் கூட்டம் மொத்தமும் எழும்பி, தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, சிறுமலைப் பக்கமாகப் போய் மறைந்தது.

மிச்சம் ஒரு கொக்கு. அதுவும் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பறந்தது.

வேலுசாமிக்குத் திண்டுக்கல் தந்தி ஆபீஸில் வேலை. பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வடமதுரை வந்து, இரண்டு மைல் நடந்து, இந்தக் குளத்து வாத்துகளை எண்ணி, பம்பாயில் ஒரு பறவைச் சங்கத்துக்கு எழுதி அனுப்புவார். யாரும் கூலி தரவில்லை. ஏழு வருடத்தில் ஒரு வருடம் தவறியதில்லை. இது எட்டாவது. சங்கத்துப் படிவத்தில் இந்த வருடக் கட்டத்தில் என்னத்தை எழுதுவது?

"இமயமலைக்கு அந்தாண்ட இருந்து வருதும்மா அதுக! விரட்டுறியே, நீ வளத்த கோழியா?"

"நீங்க வளத்தீகளா?"

வேலுசாமி பேச்சை மாற்றினார். "உன் பயிரைத் திங்குதா?"

"கரைக்குக் கீழ என் கத்தரித் தோட்டம். ஒச்சாயி தோட்டம்னா யாரும் சொல்லுவாக. ஒரு பிஞ்சைத் தொட்டதில்ல."

"பிறகு எதுக்கு இந்தப் பாவம்?"

ஒச்சாயி கம்பைக் கீழே போட்டாள்.

"போன வருசம் எவனோ ஒரு புண்ணியவான் இந்தக் கரையில நின்னு எண்ணுனானாம். எண்ணுனவன் சும்மா இருக்கப்படாது? முந்நூத்தி எம்பத்தாறு வாத்து கெடக்குன்னு குளத்துப் பேரோட பேப்பர்ல போட்டுட்டான். மறு ஞாயித்துக்கிழமை ஜீப்பு வந்துருச்சு. நாலு துப்பாக்கி. மத்தியானம் வரைக்கும் தீவாளி வெடி கணக்கா அம்புட்டுச் சத்தம். ஒண்ணு எங்க கத்தரிப் பாத்தியில வந்து விழுந்துச்சு. மூணு நாள் உசுரோட கெடந்துச்சுய்யா. தண்ணி ஊத்துனாக் குடிச்சுச்சு."

வேலுசாமியின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. நாலாக மடித்த அந்தப் பேப்பர் துண்டு உள்ளேதான் இருந்தது. அவரே பத்திரிகை ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த செய்தி. கடைசி வரியில் அவர் பெயர். ஆபீஸில் காட்டாத ஆள் இல்லை.

"அந்த ஆளு நல்லதுக்குத்தான்..." என்று இழுத்தார்.

"நல்லதுக்குத்தான். பேரை அச்சுல பாக்க ஆசை இருந்திருக்கும். மனுசந்தான." அவள் ரோட்டுப் பக்கம் பார்த்தாள். "இன்னைக்கும் வாராகளாம். டீக்கடையில பேச்சு. அதான் டின்னை எடுத்தேன்."

பேசி வாய் மூடவில்லை. ஜீப் வந்து நின்றது. தொப்பி போட்ட ஒருவர் தலையை நீட்டினார். மடியில் துப்பாக்கி.

"என்ன சார், நீங்களும் வாத்து பாக்க வந்தீங்களா? எவ்வளவு கிடக்கு?"

"ஒண்ணுகூட இல்ல," என்றார் வேலுசாமி. அந்த நேரத்துக்கு அது உண்மை. சொல்வதில் சிரமம் இல்லை.

"போன வருஷம் பேப்பர்ல முந்நூத்தி எண்பத்தாறுன்னு போட்டிருந்தானே?"

முப்பது வருடத் தந்தி வேலையில் வேலுசாமியின் கையில் ஓர் எண் பிசகியதில்லை. பதவி உயர்வும் வராத உத்தியோகத்தில் அவருக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

"அது தப்புக் கணக்கு. எழுதின ஆளை எனக்குத் தெரியும். பார்வை மட்டு. தாமரை இலையையும் வாத்துன்னு சேத்து எண்ணியிருப்பான்."

"படுபாவி! அவன் பேச்சைக் கேட்டு இம்புட்டு தூரம் பெட்ரோலைப் போட்டு வந்தோமே."

"இனிமே இந்தப் பக்கம் வந்து வீணாக்காதீங்க."

ஜீப் திரும்பியது. புழுதி அடங்கியது.

வேலுசாமி பையிலிருந்து படிவத்தை எடுத்தார். ஏழு வருட எண்களுக்கு அடுத்த கட்டத்தில் பூஜ்யம் போடப் பென்சிலை வைத்தார்.

"செத்த நேரம் பொறுங்க," என்றாள் ஒச்சாயி.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளங்கை நிறையப் புளியங்கொட்டை.

"தென்னந்தோப்புல காய் எண்ணிப் பழகுன கண்ணு. விடிஞ்சதும் எண்ணிப்பிட்டுத்தான் டின்னைத் தொட்டேன். பத்துக்கு ஒரு கொட்டை. நாப்பத்தொண்ணு இருக்கு. மேல மூணு வாத்து."

நானூற்றுப் பதின்மூன்று. அத்தனை துப்பாக்கிக்குப் பிறகும், போன வருடத்தைவிட இருபத்தேழு கூட! வேலுசாமி சிறுமலைப் பக்கம் பார்த்தார்.

"பொழுது சாய அம்புட்டும் இங்கதான் வந்து எறங்கும். பயப்படாதீக."

"விரட்டப் போற வாத்தை எதுக்கும்மா எண்ணி வச்சே?"

"வருசா வருசம் பொங்கல் கழிஞ்சு, கழுத்துல கண்ணாடியைத் தொங்க விட்டுக்கிட்டு நடந்து வாரீகளே, வெறுங்கையா திரும்பப்படாதுல்ல?" என்றாள் ஒச்சாயி, கொட்டைகளை அவர் கையில் கொட்டியபடி. "எழுத வேண்டிய எடத்துக்கு எழுதுங்க. பேப்பருக்கு மட்டும் குடுத்துறாதீக."