எல்லாருக்கும் டிக்

செண்பகவல்லி டீச்சர் கணினித் திரையின் மேல்பட்டையில் ஒரு புக்மார்க் வைத்திருந்தாள். அதற்குள் இணைய முகவரி இல்லை. ஒரு வரிக் கட்டளை இருந்தது. தட்டினால், அப்போது எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அதிலுள்ள கட்டங்களிலெல்லாம் டிக் விழும். காலையில் வருகைப்பதிவுத் தளத்தைத் திறந்து ஒரு தட்டு. வகுப்பு முழுவதும் வந்துவிடும். பிறகு வராத பிள்ளைகளின் டிக்கை மட்டும் எடுப்பாள். இந்த மதிய இடைவேளையில் திறந்திருந்தது திருமணத் தளம். விருப்பம் தெரிவிக்க ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். அதில் ஒரே ஒரு முகம் வரைக்கும் அவளுடைய அம்புக்குறி பல நாளாகப் போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. "கட்டம் ஒண்ணும் கடிச்சிடாது டீச்சர், போடுங்க" என்றாள் பக்கத்து நாற்காலி ஜெசிந்தா, சோற்றைப் பிசைந்தபடி. "கை வரல டீச்சர்" என்றவள், சட்டென்று புக்மார்க்கைத் தட்டினாள். அதற்குப் பள்ளிக்கூடம் எது, மாப்பிள்ளை எது என்று தெரியாது. மீசைக்காரர், கண்ணாடிக்காரர், பைக்கில் சாய்ந்து நின்றவர், எல்லாருக்கும் டிக் விழுந்தது. "ஊரையே கட்டிக்கப் போறீங்களா?" ஜெசிந்தாவுக்குப் புரையேறியது. செண்பகவல்லி சிரித்துக்கொண்டே, தினமும் செய்கிற வேலையைப் போல, மேலிருந்து ஒவ்வொரு டிக்காக எடுத்துக்கொண்டு வந்தாள். எடுப்பதற்குக் கை தாராளமாக வந்தது. கடைசியில் ஒன்று மிச்சமிருந்தது. அம்புக்குறி அதைத் தொடாமல் 'அனுப்பு' என்ற பொத்தானை நோக்கி நகர்ந்தது. "அந்த ஒண்ண எடுக்கலையா?" என்றாள் ஜெசிந்தா. "அவர்தான் வந்திருக்காரே டீச்சர்."