கடைசி ஆள் போகும்வரை

மூன்று மணி நேரமாக ஒரே ஸ்வரம்.

வயலின் வில் மேலே போகிறது. கீழே வருகிறது. ஷட்ஜம். அதைத் தவிர வேறொன்றுமில்லை.

அவனுக்கு வலது தோள் மரத்துவிட்டது. மடித்து உட்கார்ந்த கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

நிறுத்த முடியாது. விதி அப்படி. யாரும் விதித்ததில்லை, அவனே தன் கையால் எழுதி வாசலில் ஒட்டியது: 'கடைசி ஆள் எழுந்து போனதும் கச்சேரி முடியும்.'

திமிர்தான். வேறென்ன.

பெங்களூரில் ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. கொச்சியில் ஒன்றேகால் மணி நேரம். காலத்தைத் தூக்கி ரசிகர் கையில் கொடுத்துவிட்டேன் என்று பேட்டியெல்லாம் கொடுத்தான்.

இன்று அடையாறில், ஒரு சின்ன ஓவியக் கூடத்தில். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஆரம்பித்தது. முப்பது நாற்காலி, முப்பதும் நிறைந்திருந்தது.

முதல் கால் மணி நேரம், சுருதி சேர்க்கிறான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பாவம், பழக்கம். பொறுமையாக இருமினார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தாளம் போடத் தயாராகக் கையைத் தொடைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கை வலித்திருக்க வேண்டும்.

"இதுதானா கச்சேரி? அட ராமா!" என்று எழுந்தார். அவர் பின்னாலேயே மூன்று பேர். அப்புறம் கொத்துக் கொத்தாக. கொஞ்சம் இங்கிதம் தெரிந்தவர்கள் போனில் பேசப் போவதுபோல் போனார்கள்.

இருபத்தொன்பதாவது ஆள் எழுந்தபோதுதான் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்தான்.

வத்சலா.

கடைசி வரிசை. கதவோர நாற்காலி. மடியில் கைப்பை.

நாளைக் காலை பத்தரைக்குக் குடும்பநல நீதிமன்றம். அவளும் அவனும் கையெழுத்துப் போட்டால் பதினோரு வருஷம் முடிந்தது.

இவளை யார் வரச் சொன்னது? எதற்கு வந்தாள்?

மனது சும்மா இருக்குமா. மன்னித்துவிட்டாளோ என்றது. மன்னிக்காமலா இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறாள் என்றது.

வாசித்தான். வாசிக்கிறவரை அவள் இருப்பாள். அவள் இருக்கிறவரை நாளைக் காலை வராது.

அப்படியே ஒரு மணி நேரம் போனது.

வீட்டிலும் இதேதான். அவள் ஏதாவது கேட்பாள். அவன் வயலினை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். சத்தம் போட்டுப் பார்ப்பாள். கெஞ்சிப் பார்ப்பாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. கடைசியில் அவள்தான் செருப்பை மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ போவாள்.

அவள் அப்பா இறந்த சேதி வந்தபோது சாதக அறைக் கதவைத் திறந்து சொன்னாள். இரு என்று தலையை ஆட்டினான். முடித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால், தனியாக ஆட்டோ பிடித்துப் போயிருந்தாள்.

அன்று வாசித்தது என்ன ராகம் என்பது அவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அவள் இப்போது பேசினாள். குரலை உயர்த்தவில்லை. காலிக் கூடம், நன்றாகவே கேட்டது.

"இங்கேயும் நானேதான் எழுந்து போகணுமா?"

அவனுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

வில்லைக் கம்பியிலிருந்து எடுத்தால் போதும். விதியாவது மண்ணாங்கட்டியாவது. இரு, வத்சலா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒன்றைத்தான் கேட்க வந்திருக்கிறாள். அவனுக்கு அது புரிந்தது. நன்றாகவே புரிந்தது.

வில் நுனிக்கு வந்தது.

எடுத்துவிடு, எடுத்துவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

திருப்பினான்.

வில் மேலே போனது.

அவள் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டினாள். நாற்காலியை வரிசைக்குள் தள்ளி வைத்தாள். கதவருகே போய்க் கொஞ்சம் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் நின்றாள்.

அந்த நேரம் பார்த்து, மூன்று மணி நேரமாக வராத சுத்தம் ஷட்ஜத்தில் வந்து உட்கார்ந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது அவனுக்கு. அழுதுகொண்டே சந்தோஷப்பட்டான்.

கதவு சாத்திக்கொண்டது.

அந்தச் சத்தம் சுருதியோடு சேர்ந்ததா என்று காதைக் கொடுத்துக் கேட்டான், படுபாவி.